முதலில் தேதி அட்டவணையைக் காட்டுங்கள்

பழைய நிலவியல் புத்தகம் ஒன்றையும் புதியது ஒன்றையும் அருகருகே வைத்து, கடைசிப் பனியூழி எப்போது உச்சத்தில் இருந்தது என்று தேடிப் பாருங்கள். 1970களில் வந்த புத்தகம் 18,000 ஆண்டுகளுக்கு முன் என்று சொல்லும். இப்போதையது 21,000 சொச்சம் என்று சொல்லும். நடுவில் மூவாயிரம் ஆண்டு எங்கிருந்து முளைத்தது? பனி அதே பனிதான், கடலடி மண்ணும் அதேதான். மாறியது கணக்கு.

கார்பன்-14 கணக்கு. செடியோ மரமோ உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும், அதில் துளியூண்டு கதிரியக்கக் கார்பன்-14 கலந்திருக்கும். செத்த பிறகு வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் செத்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும். ஆனால் காற்றில் இருந்த கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருந்ததில்லை. பூமியின் காந்தப்புலம் வலுவிழந்தால் கூடும், சூரியன் சுறுசுறுப்பானால் குறையும், கடல் உள்ளே இழுக்கும் அளவும் மாறும். ஆக, ஆய்வகம் தரும் கார்பன் ஆண்டு வேறு, நம் காலண்டர் ஆண்டு வேறு. ஒன்றை மற்றதாக மாற்ற ஒரு வளைகோடு வேண்டும். மர வளையங்கள், ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் ஆண்டுக்கு ஒரு படலமாகப் படிந்த சேற்றில் கிடைத்த இலைகள், சீனாவின் ஹுலு குகையில் வளர்ந்த சுண்ணாம்புக் கூம்புகள், பவளங்கள் என்று வேறு வழியில் வயது தெரிந்த பொருள்களை எல்லாம் அளந்து அளந்துதான் அந்தக் கோட்டை வரைந்தார்கள். 1998, 2004, 2009, 2013, கடைசியாக 2020 என்று அது திருத்தப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது புழக்கத்தில் இருக்கும் இன்ட்கால்20, 55,000 ஆண்டுவரை பின்னால் போகிறது.

ஒவ்வொரு முறை கோடு மாறும்போதும் அதுவரை அச்சான தேதிகள் எல்லாம் கொஞ்சம் நகரும். அவற்றை மறுபடி கணக்குப் போட முடிகிறது என்றால், கட்டுரையாளர் தன் முடிவை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல் ஆய்வகம் கொடுத்த எண்ணை அப்படியே, திருத்தாமல், ஒரு அட்டவணையில் போட்டு வைத்திருப்பதால்தான். பழங்காலச் சூழல் மாற்றம் பற்றி ஆய்விதழுக்குப் பேப்பர் அனுப்புவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் அந்த அட்டவணையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். வாதம் பத்து வருஷத்தில் பழசாகிவிடும். அட்டவணை ஒழுங்காக இருந்தால் அது பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கும்.

நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலே, சாண்டிநல்லா மாதிரியான பள்ளத்தாக்குகளில், தண்ணீர் தேங்கும் இடங்களில் கறுப்பாகப் பஞ்சு போல ஒரு மண் கிடக்கும். பீட் என்பார்கள். செத்த புல்லும் செடியும் முழுசாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்தது. யானை ஆய்வுக்குப் பெயர் பெற்ற ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகிய நால்வரும் இந்த மண்ணை வைத்து 1993இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பார்த்தது கதிரியக்கம் இல்லாத, சாதாரணக் கார்பனைவிடச் சற்றே கனமான கார்பன்-13ஐ. ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தில் செடிகளில் இரண்டு கட்சி உண்டு: மரங்களும் ஈர நிலத்துச் செடிகள் பெரும்பாலானவையும் சி3, வெயில் தாங்கும் வெப்பமண்டலப் புற்கள், சோளம், கரும்பு எல்லாம் சி4. சி3 கட்சி கனமான கார்பன்-13ஐ நிறைய ஒதுக்கும், சி4 அவ்வளவாக ஒதுக்காது. ஆயிரத்துக்கு இத்தனை என்ற அளவில் முன்னது மைனஸ் 27ஐ ஒட்டி நிற்கும், பின்னது மைனஸ் 12ஐ ஒட்டி. (இந்த அளவுகோலுக்குப் பூஜ்யமாக வைத்தது தென் கரோலினாவில் கிடைத்த ஒரு கடலுயிரியின் புதைபடிவம். உலகமே கேட்டு வாங்கி அது தீர்ந்துபோய், இப்போது அதற்கு ஈடான வேறு பொருளோடு ஒப்பிடுகிறார்கள்.)

ஆகவே மண்ணின் ஒவ்வொரு அடுக்கையும் அளந்தால், அந்தக் காலத்தில் அந்தச் சரிவில் எந்தக் கட்சி ஆண்டது என்று தெரியும். பனியூழி உச்சத்தில் சி4 புல் ஓங்கியிருந்தது, அதாவது வறட்சி, சோனியான பருவமழை. பனியூழி முடிந்து மழை வலுத்ததும் சி3 தலையெடுத்தது, அப்புறம் மறுபடி ஒரு வறட்சி. நீலகிரிப் புல்வெளி எல்லாம் மனிதன் சோலைக்காட்டை வெட்டியதால் வந்ததுதான் என்ற வாதத்துக்கும் இதில் ஒரு பதில் கிடைத்தது, ஏனென்றால் 20,000 ஆண்டுக்கு முந்தைய அடுக்கிலேயே புல் இருக்கிறது. 1997இல் கரன்ட் சயின்ஸ் இதழில் இதே பதிவை 40,000 ஆண்டுவரை நீட்டினார்கள்.

இதே மாதிரி ஒரு வேலையை ஒருவர் இன்று முடித்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதழைத் தேர்ந்தெடுப்பது, பேப்பரோடு வைக்கும் அறிமுகக் கடிதம் எழுதுவது, பேப்பரைப் பரிசீலிக்கும் ரிவ்யூவர்களாக யாரைக் கேட்கலாம் என்று நாலு பெயர் கொடுப்பது, ஒரே பேப்பரை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக்கூடாது என்பது, இதெல்லாம் எந்தத் துறைக்கும் பொதுவான சடங்கு. ஆசிரியர் படித்துப் பார்த்து, நம் இதழுக்குப் பொருந்தாது என்று நினைத்தால் ரிவ்யூவுக்கே அனுப்பாமல் திருப்பிவிடுவார். பொருந்தினால் இரண்டு மூன்று பேருக்குப் போகும்.

போனதும் அந்த ரிவ்யூவர் என்ன செய்வார்? எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் பலர் சுருக்கத்தைப் படித்த கையோடு தேதி அட்டவணைக்குத்தான் தாவுவார்கள். அதில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம், இது நான் உதாரணத்துக்குப் போட்டது: ஆழம் 135 செ.மீ., பொருள் கையால் பொறுக்கிய விதை, ஆய்வகக் குறியும் எண்ணும், 4500 ± 30 பி.பி.

ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் இருக்கிறது. பி.பி. என்றால் இன்றைக்கு முன் என்று அர்த்தம், ஆனால் அந்த 'இன்று' 1950இல் உறைந்துபோய் நிற்கிறது. அதற்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைகள் காற்றின் கார்பன்-14ஐக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிட்டன, தவிர 'இன்று' வருஷாவருஷம் நகர்ந்தால் பழைய பேப்பர் எதையும் நம்ப முடியாது. ஆய்வகக் குறி என்பது உலகில் கார்பன் தேதி பார்க்கும் ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் உள்ள தனி எழுத்து, கூடவே மாதிரியின் வரிசை எண். பின்னாளில் அந்த ஆய்வகத்தில் ஒரு காலகட்டத்து அளவுகளில் கோளாறு என்று தெரியவந்தால் எந்தெந்த தேதி பாதிக்கப்பட்டது என்று தேடிப் பிடிக்க அந்த எண் இருந்தால்தான் முடியும். ± 30 என்பது அளவீட்டின் தள்ளாட்டம். இன்ட்கால்20இல் போட்டுத் திருத்தினால் அந்த வரி ஏறத்தாழ 5,050 முதல் 5,300 ஆண்டுகள் என்று விரிகிறது, அதாவது முப்பது ஆண்டுத் தள்ளாட்டம் இருநூற்றைம்பது ஆண்டு அகலமாகிவிட்டது! அந்தக் காலத்தில் வளைகோடு மேலும் கீழுமாக நெளிகிறது, ஒரே கார்பன் ஆண்டுக்குப் பல காலண்டர் ஆண்டுகள் பொருந்துகின்றன. ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த நெளிவை ஒன்றும் செய்ய முடியாது.

இதைவிட வேடிக்கை ஒன்று. கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. ஆனால் கார்பன் ஆண்டைக் கணக்கிடும்போது இன்றைக்கும் எல்லா ஆய்வகங்களும், இந்த முறையைக் கண்டுபிடித்த வில்லர்ட் லிபியின் காலத்துப் பழைய எண்ணான 5,568ஐத்தான் போடுகின்றன. தப்பு என்று தெரிந்தே போடுகிறார்கள். 1950களிலிருந்து அச்சான ஆயிரக்கணக்கான தேதிகள் அந்த எண்ணில்தான் இருக்கின்றன, நடுவில் மாற்றினால் எது பழைய கணக்கு எது புதுக் கணக்கு என்று ஒருவருக்கும் புரியாது. எப்படியும் வளைகோடு கடைசியில் அந்தத் தப்பையும் சேர்த்தே திருத்திவிடும். எனக்கு இது ரொம்பப் பிடித்த முடிவு.

சரி, ரிவ்யூவர். முதல் கேள்வி பெரும்பாலும் வேர் பற்றி இருக்கும். பீட் மண்ணில் மேலே முளைத்த செடியின் வேர் கீழே பழைய அடுக்குக்குள் இறங்கும், அந்த வேரோடு சேர்த்து அளந்தால் அடுக்கு உண்மையைவிட இளசாகத் தெரியும். வேரைப் பொறுக்கினீர்களா, அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவினீர்களா, மொத்த மண்ணை அளந்தீர்களா, விதையையா? மாதிரி பழசாக ஆக இந்தத் தொல்லை பயங்கரமாகப் பெருகும். கார்பன்-14 சுத்தமாகத் தீர்ந்துபோன ஒரு பொருளில், லட்சம் ஆண்டு வயதானது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெறும் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால் போதும், ஆய்வகம் அதற்கு 37,000 ஆண்டு என்று வயது சொல்லிவிடும். அதனால் முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்று எண் வந்தாலே ரிவ்யூவர் நிமிர்ந்து உட்காருவார். ஏரிச் சேறாக இருந்தால் தொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வந்த, கார்பன்-14 தீர்ந்துபோன செத்த கார்பனைத் தின்ற நத்தையும் பாசியும் உண்மையைவிட வயதாகத் தெரியும்.

அடுத்து, அளந்த தேதிகளுக்கு நடுவில் என்ன செய்தீர்கள் என்பார். இரண்டு மீட்டர் மண்ணில் ஆறு இடத்தில் தேதி எடுத்திருக்கிறீர்கள், மிச்ச இடத்துக்கு எல்லாம் வயது ஊகம்தான். முன்பெல்லாம் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்துவிடுவார்கள். இப்போது பேக்கன் மாதிரியான மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான சாத்தியக் கோடுகளை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஆழத்துக்கும் வயதும் அதன் அகலமும் தருகின்றன. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன அமைப்புகள், எல்லாம் எழுதியாக வேண்டும். '4,200 ஆண்டுகளுக்கு முன் திடீரென்று வறண்டது' என்று எழுதியிருந்து, அந்த இடத்தில் வயதின் அகலமே 400 ஆண்டு என்றால், திடீரென்று என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. இதை ஒரு வரியில் சுள்ளென்று எழுதியனுப்புகிறவருக்குத்தான் ஆராய்ச்சியாளர்கள் மத்தியில் 'ரிவ்யூவர் 2' என்று செல்லப்பெயர்.

தேதி எல்லாம் தாண்டிய பிறகுதான் அர்த்தம் பற்றிய சண்டை. நீலகிரி உதாரணத்தில் இன்று நிச்சயம் ஒரு கேள்வி வரும்: சி4 புல் கூடியது மழை குறைந்ததாலா, காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்ததாலா? பனியூழி உச்சத்தில் அது பத்து லட்சத்தில் 190 பங்கை ஒட்டித்தான் இருந்தது, தொழிற்புரட்சிக்கு முன் 280. குறைந்த கார்பன் டை ஆக்ஸைடில் சி4 செடிக்குத்தான் சௌகரியம். இரண்டு காரணமும் ஒரே பக்கம் தள்ளும்போது பிரிப்பது கஷ்டம், மகரந்தம் மாதிரி வேறு சாட்சியைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

பெரும்பாலான இதழ்களில் இந்தப் பேச்சுவார்த்தை மூடிய அறையில் நடக்கும். 2005இல் தொடங்கிய கிளைமேட் ஆஃப் தி பாஸ்ட் இதழில் அப்படியில்லை. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்துடையது. முதல் சோதனை முடிந்ததும் பேப்பர் எல்லார் பார்வைக்கும் வந்துவிடும், ரிவ்யூவர் சொன்னது, எழுதியவர் சொன்ன பதில், மூன்றாம் ஆள் நடுவில் புகுந்து கேட்டது, எல்லாம் அங்கேயே நிரந்தரமாக இருக்கும். ரிவ்யூவர் பெயரைச் சொல்லாமல் இருக்கலாம். இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் பாடநூலுக்கு முன் இந்த வாக்குவாதங்களில் பத்துப் பதினைந்தைப் படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

பதில் கடிதம் தனிக் கலை. ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றினோம் என்பது. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணத்தோடு எழுதலாம், தப்பில்லை. சில சமயம் 'நடுவில் இன்னும் இரண்டு தேதி வேண்டும்' என்று வரும். அப்போது குளிரறையில் பத்திரப்படுத்திய மிச்ச மண்ணைத் திறந்து, மாதிரி எடுத்து அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏற்றுக்கொண்ட பிறகு தரவுகளைப் பொதுக் கிடங்கில் போடச் சொல்வார்கள். ஜெர்மனியின் பாங்கேயா, அமெரிக்க நோவா அமைப்பின் தொல்காலநிலைத் தொகுப்பு, மகரந்தத்துக்கு நியோட்டோமா. இதை வேண்டாவெறுப்பாகச் செய்கிறவர்கள் நிறைய. ஆனால் பேஜஸ் 2கே என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2017இல் கடந்த 2,000 ஆண்டு வெப்பநிலைக்காக 648 இடங்களிலிருந்து 692 பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்தபோது அந்தக் குழு தேடியது யாருடைய முடிவுரையையும் அல்ல, இந்தக் கோப்புகளைத்தான்.

கடைசியில் பிழை பார்க்க அச்சுக்கு முந்தைய படி, அதாவது ப்ரூஃப், வரும், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்புங்கள் என்ற மிரட்டலோடு. வடிவமைப்பில் அட்டவணை என்னென்னவோ ஆகியிருக்கும்: ± கேள்விக்குறியாகியிருக்கும், மைனஸ் காணாமல் போயிருக்கும், திருத்திய ஆண்டும் திருத்தாத ஆண்டும் பத்தி மாறி உட்கார்ந்திருக்கும். உரையை மட்டும் படித்துவிட்டு 'சரி' என்று அனுப்பாமல், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, அவர் ஆய்வக ரசீதைப் பார்த்து எண்களைச் சத்தமாக வாசிக்க, இவர் திரையில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும். நூற்று முப்பத்தைந்து சென்டிமீட்டர், விதை, நாலாயிரத்து ஐந்நூறு, கூட்டல் கழித்தல் முப்பது. அடுத்தது.