தெற்கு மதிலில் தொடங்கினார்கள்

1748-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். பிரெஞ்சுப் பொறியாளர் ஜெர்போ முன்னே நிற்க, பாதிரிமார்கள், கொத்தனார்கள், மண் வெட்டுகிறவர்கள், கூலிகள் என இருநூறு பேர் மண்வெட்டியும் கடப்பாறையுமாக வேதபுரீசுவரர் கோயிலுக்கு வந்தார்கள். தெற்கு மதிலையும் அதை ஒட்டிய கட்டடங்களையும் முதலில் இடிக்கத் தொடங்கினார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதையெல்லாம் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்திலிருந்த சம்பா கோவில் என்ற கிறித்தவத் தேவாலயத்தில் முந்தின நாளே இருநூறு படைவீரர்களை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் அதில் ஒரு அறிவியல் செய்தியும் இருக்கிறது. ஆத்திரத்தில் ஒருவன் ஒரு சிலையின் மூக்கை உடைத்துவிடலாம். ஒரு கோயிலை ஆத்திரத்தால் மட்டும் இடித்துவிட முடியாது. அதற்குப் பொறியாளர் வேண்டும், ஆள் வேண்டும், கூலி வேண்டும், காவல் வேண்டும். இத்தனையும் அதிகாரத்தில் இருப்பவனிடம்தான் இருக்கும். கல்லின் குணம் அப்படி.

சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். எதற்கு இத்தனை தூண்கள்? கருங்கல்லை மேலிருந்து அழுத்தினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கிலோவுக்கும் மேல் தாங்கும். அதே கல்லை இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. இரண்டு தூண்களின் மேல் கிடத்திய உத்தரம் பாரத்தில் மிக நுட்பமாக வளைகிறது. அப்போது அதன் மேல்பக்கம் அழுத்தப்படுகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால், சீராகப் பரவிய பாரத்தில் வளைக்கும் விசை நான்கு மடங்காகும். ஆகவேதான் தச்சர்கள் தூண்களை நெருக்கி வைத்தார்கள். ஒரு தூணைப் பெயர்த்தால் அதன் உச்சியிலுள்ள போதிகைக் கல்லில் தலை வைத்திருக்கும் உத்தரங்கள் எல்லாம் பிடி இழந்துவிடும்.

கற்றளிகளில், அதாவது கல்லாலான கோயில்களில், பெரும்பாலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்ணாம்புச் சாந்து இருக்காது. மேலே உள்ள கல்லின் எடைதான் கீழே உள்ளதை நகராமல் பிடித்திருக்கிறது. ஏற்றிய வரிசையைத் திருப்பி, உச்சியிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தால் அத்தனை கல்லும் உடையாமல் கைக்கு வந்துவிடும். செதுக்கி முடித்த கல் என்பது பெரிய செல்வம். அதனால் இடித்தவர்கள் பலரும் அதைக் குப்பையில் போடவில்லை, வேறொன்று கட்டினார்கள்.

ஆப்கானிஸ்தானின் பாமியானில் இந்த வழி செல்லவில்லை. 55 மீட்டரும் 38 மீட்டரும் உயரமான அந்தப் புத்தர்கள் மலையிலேயே குடையப்பட்டவர்கள். பெயர்த்தெடுக்க இணைப்பே கிடையாது. 2001 மார்ச்சில் தாலிபான்கள் பீரங்கியால் சுட்டுப் பார்த்து, அது போதாமல், துளைகளில் வெடிமருந்து வைத்து நாள் கணக்கில் தகர்த்தார்கள். சிலைகளின் ஆடை மடிப்புகள் களிமண்ணில் வைக்கோல் கலந்து பூசப்பட்டவை. இடிபாடுகளில் சிதறிக் கிடந்த அந்த வைக்கோலைச் சேகரித்து, அதிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்தார்கள். சிலைகள் ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் உருவானவை என்று தெரிந்தது.

தானாகச் சரிந்த கட்டடத்தையும் இடிக்கப்பட்ட கட்டடத்தையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்? கைவிடப்பட்ட கோயிலில் முதலில் தரையில் மண் படியும், செடி முளைக்கும். அதன்மேல் கூரை விழும், பிறகு சுவர் விழும். தோண்டினால் இந்த வரிசை அடுக்கடுக்காகத் தெரியும். இடிக்கப்பட்டதில் மண் படிந்திராத தரையின் மேலேயே இடிபாடு கிடக்கும். கல்லைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால் அஸ்திவாரம் இருந்த இடம் நீண்ட பள்ளமாகி, வேறு நிற மண்ணால் நிரம்பியிருக்கும். சுவரே இல்லாவிட்டாலும் அதன் தரைப்படம் அந்த மண்ணில் இருக்கும். தீ வைத்திருந்தால் அதுவும் தெரியும். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியசில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று விரியும். அதனால் கல்லில் விரிசல் விடும், மேற்பரப்பு அப்பளம் போலப் பெயரும்.

இடம் மாறிய கல்லைக் கல்வெட்டே காட்டிக் கொடுப்பதும் உண்டு. ஒரு வரி ஐந்தாறு கற்களில் தொடர்ந்து ஓடும். வேறிடத்தில் அடுக்கும்போது வரிசை பார்க்காமல் வைத்துவிடுவார்கள். அரசன் பெயர் பாதியில் நிற்கும், அடுத்த கல்லில் நிலத்தின் எல்லை தொடங்கும், ஒரு கல் தலைகீழாகவே இருக்கும். பழைய கோயில்களைச் சுற்றும்போது அடிப்பீடமான அதிட்டானத்தின் ஓரமாகக் குனிந்து பாருங்கள், பூவேலைப்பாடு ஒரு கல்லோடு திடீரென்று அறுந்து நிற்கும் இடம் கண்ணில் படலாம்.

கடலூருக்கு வருகிறேன். திருப்பாதிரிப்புலியூரின் பழம்பெயர் பாடலிபுத்திரம். அங்கே சமணர்களின் பெரிய பள்ளி இருந்தது. அப்பரால் சைவத்துக்கு மாறிய பல்லவ மன்னன் அந்தப் பள்ளியையும் சமண முனிவர்களின் உறைவிடங்களான பாழிகளையும் இடித்துக் கொண்டுவந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான் என்று பெரியபுராணம் பாடுகிறது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். சேக்கிழார் இதைப் பாடியது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. அதுவும் வெற்றியாகப் பாடினார். பள்ளியை இழந்தவர்களின் பக்கத்திலிருந்து ஒரு வரி நம் கைக்கு வரவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இப்படிப்பட்ட செய்தியைச் செங்கல்லிடமே கேட்கலாம். அந்தக் காலத்தில் இங்கே கட்டடம் என்றால் செங்கல்லும் மரமும்தான்; செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததை மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். செங்கல் மண்ணில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும். சுற்றிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சால் அந்தத் துகள்களில் எலக்ட்ரான்கள் ஆண்டுதோறும் சிறைப்பட்டுக்கொண்டே வரும். சூளையின் வெப்பம் அவற்றை மொத்தமாக விடுவித்துவிடும். கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஆய்வகத்தில் அந்தத் துகளைச் சூடாக்கினால் சிறைப்பட்டவை விடுபட்டு மங்கிய ஒளி தரும். ஒளியின் அளவு, சூளையிலிருந்து இறங்கி எத்தனை காலமாயிற்று என்று சொல்லும். சில சதவீதம் முன்பின் இருக்கும். கட்டடத்தைவிடச் செங்கல்லுக்கு வயது மிகக் கூடுதல் என்றால், அது முன்பு வேறொரு சுவரில் இருந்த செங்கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

இடித்த மதம் ஒன்று, இழந்த மதம் ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டியதில்லை. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைத் தகர்த்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியபோது அந்தச் சம்பா கோவிலும் போயிற்று. இன்று மிஷன் வீதியில் நிற்பது 1791-இல் முடிந்தது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியவர்களுக்கு எந்தக் கடவுள் மேலும் கோபம் இல்லை. கருங்கல் தேவைப்பட்டது, கங்கைகொண்ட சோழபுரத்தில் மதில் இருந்தது. தடுத்த ஊர்மக்களைத் தண்டித்தார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள், கட்டவில்லை. அந்தக் கீழணையில் தேங்கும் தண்ணீர்தான் வடவாற்றில் இறங்கி வீராணத்துக்கு வந்து, காட்டுமன்னார்கோயில் வயல்களுக்குப் பாய்கிறது.