படலமாவது ஒரு பங்கு, மீதிக் காட்மியம் எங்கே போகிறது?

சூரிய மின்கலங்களுக்கான மென்படல (மிக மெல்லிய அடுக்கு) ஆய்வில் இறங்கும் மாணவர் பலர் முதலில் கைவைப்பது, காட்மியம் என்ற நச்சு உலோகமும் கந்தகமும் சேர்ந்த காட்மியம் சல்பைடில்தான். வெற்றிட அறையோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. காட்மியம் உப்பு, தயோயூரியா, அம்மோனியா சேர்ந்த கரைசலைப் பீக்கரில் 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சுத்தம் செய்த கண்ணாடி ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்தினால், கரைசல் மஞ்சளாகக் கலங்கும்போதே கண்ணாடியிலும் பளபளப்பான படலம் ஏறிவிடும். வேதிக்குளியல் எனப்படும் இந்த முறையின் எளிமையே அதன் ஆபத்தை மறைத்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 75 மி.மீ. நீளமும் 25 மி.மீ. அகலமும் உள்ள ஸ்லைடின் இருபுறமும் 80 நானோமீட்டர் தடிமனில் படலம் படிந்தால், அதிலுள்ள காட்மியம் ஏறத்தாழ 1 மில்லிகிராம். ஆனால் 0.01 மோலார் செறிவில் 100 மி.லி. குளியல் தயாரிக்க நாம் போட்டதோ 112 மில்லிகிராம் காட்மியம். ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் படலமாகிறது; மற்றதெல்லாம் பீக்கரின் சுவரிலும், அடியில் தங்கும் மஞ்சள் வண்டலிலும், கரைசலிலும் கிடக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த ஒரு பீக்கரில் மிஞ்சும் காட்மியம் முழுவதும் கரைந்தால், முப்பதாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். கரையாத வண்டல்தானே என்று சிங்க்கில் கொட்டுவோர் உண்டு. காற்றும் ஒளியும் பட்டால் சல்பைடு மெல்ல ஆக்சிஜனேற்றமடைந்து, கரையும் காட்மியமாக மாறும்.

உடலில் சேரும் காட்மியம் சிறுநீரகத்தில் தங்கிவிடும். அது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். ஜப்பானின் தோயாமா பகுதியில் சுரங்கக் கழிவு ஜின்சூ ஆற்றின் வழியே நெல்வயல்களை அடைந்ததால், எலும்புகள் நலிந்து முறியும் ‘இத்தாய் இத்தாய்’ நோய் மக்களை வாட்டியது. அதற்குக் காட்மியமே காரணம் என்று 1968இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது.

பீக்கர் கழுவும் நேரத்தில்தான் மாணவர்களிடம் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். சுவரில் ஒட்டிய மஞ்சள் கறையைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆகவே மூக்கை நம்பி வேலை செய்யக் கூடாது. அமிலம் தேவைப்பட்டால், நீர்த்த அமிலத்தைச் சிறிதளவு எடுத்து, வாயுவை வெளியே இழுத்துவிடும் புகைபோக்கி அறைக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அந்தக் கழுவுநீரும் காட்மியக் கழிவுதான், அதைச் சல்பைடுக் கழிவுடன் ஒரே புட்டியில் சேர்க்கக் கூடாது.

குளியல் முடிந்ததும் வண்டலை வடிகட்டி, வடிதாளோடு சேர்த்து, பெயரும் தேதியும் ஒட்டிய கழிவுக் கலனில் போட வேண்டும். தெளிந்த நீரிலும் காட்மியம் இருக்கும் என்பதால், அதையும் மூடிய கலனில் சேமித்து, 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இவையெல்லாவற்றையும்விட, கழிவையே குறைப்பது மேல்: அகன்ற பீக்கருக்குப் பதில் குறுகிய கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்து, ஸ்லைடுகளை நெருக்கமாக நிறுத்தினால், அதே அளவு கரைசலில் பல மடங்கு படலங்களைத் தயாரித்துவிடலாம்.