சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று பொருளல்ல

போர்டுக்குப் பொருந்தாமல் வாங்கி என்னிடம் வருவதில், இந்த மாதத்தில் இது நான்காவது பிராசசர், அதாவது கணினியின் மூளையான சில்லு. சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர், படிவம் 5 படிக்கும் மகனோடு வந்தார். "அண்ணே, பையன் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினான். போட்டதிலிருந்து திரையில் ஒன்றுமே வரவில்லை" என்றார். இரண்டு மாத மிகைநேரக் காசு அது.

திறந்து பார்த்தேன். எச்110 மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை. அதில் இன்டலின் 9ஆம் தலைமுறை பிராசசரான ஐ5-9400எஃப். "இரண்டுமே 1151 தானே அண்ணே, சரியாக உட்கார்ந்ததே" என்றான் பையன்.

இந்த 1151 என்ற எண்ணால் நான் படும் பாடு கொஞ்சமல்ல. அது சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில், உள்ள பின்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். 6, 7ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு இன்டல் அந்தச் சாக்கெட்டைக் கொடுத்தது. 2017இல் 8ஆம் தலைமுறை வந்தபோது எண்ணிக்கையை மாற்றாமல், எந்தப் பின் என்ன வேலை செய்யும் என்பதை மாற்றியது. சும்மா கிடந்த பின்கள் சிலவற்றை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டது. ஓரத்தில் இருக்கும் வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில்தான். அதனால் உள்ளே போகும், நெம்புகோலும் மூடும், கணினி மட்டும் எழாது. 8, 9ஆம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு) வேண்டும். பையனின் எச்110, 100 வரிசை. சாவி நுழைந்துவிட்டது என்பதற்காகப் பூட்டு திறந்துவிடுமா? வலைத்தளத்தில் விற்பவர் "1151க்குப் பொருந்தும்" என்று எழுதினால் நம்பாதீர்கள். எந்த 1151 என்று கேளுங்கள்.

இன்னொன்றும் இருந்தது. பெயரின் கடைசியில் வரும் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, கிடையாது. இவர்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லை. போர்டு சரியாக இருந்திருந்தாலும் திரை கறுப்பாகத்தான் இருந்திருக்கும்.

படம் வராததால் பையன் நாலைந்து முறை கழற்றி, அழுத்தி அழுத்திப் போட்டிருக்கிறான். முடியளவு மெல்லிய மூன்று பின்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஊசி முனையால் அவற்றை நிமிர்த்த ஒரு மணி நேரம் ஆனது. பழைய ஐ3 மறுபடி ஓடுகிறது. பிராசசரில் பழுதில்லை என்று விற்றவர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

இது ஒரு சாக்கெட்டின் கதை மட்டுமல்ல. இன்டலின் எல்ஜிஏ1200 என்ற சாக்கெட்டில் எச்410, பி460 போர்டுகளுக்கு 11ஆம் தலைமுறையை இன்டல் அனுமதிக்கவில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பி450 போர்டு ரைசன் 5600 பிராசசரை ஏற்கும், ஆனால் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதிதாக இருக்க வேண்டும். அதே சாக்கெட்டுள்ள புதிய பி550இல் பழைய ரைசன் 2600ஐப் போட்டால் ஏற்காது. புதிய போர்டில் பழைய பிராசசர் கட்டாயம் ஓடும் என்பவர்கள் இதைக் கவனியுங்கள். எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டு வாங்குகிறீர்கள் என்றால் அது எந்த ரேம் வகைக்கு, டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ என்று பாருங்கள். ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது.

பார்ப்பது கடினமில்லை. விண்டோஸில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்று தேடித் திறந்தால் போர்டின் பெயரும் பயாஸ் பதிப்பும் இருக்கும். போர்டிலும் அச்சடித்திருப்பார்கள், மூலையில் பொடி எழுத்தில் 'ரெவ்' (போர்டின் திருத்தப் பதிப்பு) என்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் பெயருக்கான பிராசசர் பட்டியல் உண்டு. நீங்கள் வாங்கப்போவதன் முழுப் பெயர், கடைசி எழுத்துவரை, அதில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று போட்டிருப்பார்கள். உங்களுடையது பழையதென்றால், பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை மாற்றுங்கள். கழற்றிவிட்டு என்னிடம் ஓடிவராதீர்கள். மின்சாரம் போகக்கூடிய மழை நேரத்தில் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட, பெரிய நிறுவனங்கள் தயாரித்த கணினி என்றால், அந்த மாடலோடு விற்கப்பட்ட பிராசசர்களைத் தவிர வேறெதற்கும் ஆசைப்படாதீர்கள். அவற்றின் பயாஸ் பெரும்பாலும் மற்றதை ஏற்பதில்லை.

இவ்வளவும் பார்க்க நேரமில்லையா? காசு கொடுப்பதற்கு முன் போர்டைப் படமெடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம்தான், அதற்கு நான் ஒரு சென்னும் வாங்குவதில்லை. அந்தப் பையனுக்கு அவன் போர்டு ஏற்கும் பழைய ஐ5-7400 ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.