கட்டுரையின் கடைசி வரியை முதலில் படியுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தார். பல வருடமாக என்னிடம் வருபவர். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அவருக்கு எப்போதும் 7ஐ ஒட்டியே இருக்கும். அன்று 11.4. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. "பேப்பர்லயே போட்டிருந்தான் டாக்டர்" என்று சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. அன்று கூட்டம் குறைவு. "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம் ஐயா" என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

அரைப்பக்கக் கட்டுரை. ஒரு பள்ளி ஆசிரியரின் கதையோடு ஆரம்பிக்கிறது. சர்க்கரை முற்றிக் காலை வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம், பிள்ளைகள் அழுதார்களாம். படிக்கும்போது எனக்கே மனசு கனத்தது. ஆனால் அந்த ஆசிரியருக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அடுத்த பத்தி இன்னும் நுட்பமானது: 'ஆங்கில மருத்துவத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. விபத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் அதுதான் சிறந்தது. ஆனால்...'

தமிழாசிரியையான என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் ஒன்று இது என்றார். மதம் என்றால் இங்கே கொள்கை. 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு': எதிராளியின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு மறுப்பது. நல்ல முறைதான், நேர்மையான ஆசிரியர்களும் கையாள்வார்கள். ஆனால் மறுப்பதற்குச் சான்று வேண்டும். இந்தக் கட்டுரையில் 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு இருந்தது சான்று இல்லை, பயம். மாத்திரை ரசாயனம், ரசாயனம் கிட்னியைக் கெடுக்கும், எங்களுடையது இயற்கை மூலிகை.

அவர் நிறுத்திய மாத்திரை மெட்பார்மின். கலேகா என்ற செடியில் உள்ள வேதிப்பொருளைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சியிலிருந்துதான் அது வந்தது. 1957இல் பிரான்ஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். இயற்கை, ரசாயனம் என்று கோடு போட்டுப் பிரிப்பது எழுதுகிறவருக்கு வசதி, அவ்வளவுதான்.

'ஆய்வுகள் நிரூபித்துள்ளன' என்றும் ஒரு வரி இருந்தது. யார் செய்த ஆய்வு, எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் என்று எதுவும் இல்லை.

அப்புறம் கடைசி வரிக்கு வந்தோம். ஒரு செல்போன் எண். 'முதல் 100 பேருக்கு மட்டும் சலுகை விலை.' மேல் மூலையில் கடுகளவு எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்ததை அப்போதுதான் பெரியவர் கவனித்தார். கதை, கண்ணீர், பெருந்தன்மை எல்லாமே அந்த எண்ணுக்கு அழைத்துப்போகப் போட்ட பாதை. படித்து முடித்ததும் நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியவர் எதிர்பார்க்கிறார் என்று கேட்டுவிட்டால், ஏன் அந்தக் கதை, ஏன் அந்த 'ஆனால்' என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமே தடுக்கிறது. இருந்தும் இப்படிப்பட்ட தாள்கள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

மருந்துக் கம்பெனிகள் எங்களுக்குக் கொடுக்கும் வழவழப்பான தாள்களையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். 'ஆபத்து 50 சதவீதம் குறைகிறது' என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே தேடினால், 100 பேரில் 2 பேருக்கு வந்தது 1 ஆகியிருக்கலாம். கணக்கு பொய் இல்லை. ஆனால் இரண்டில் எதைத் தலைப்பில் போடுவது என்பதை முடிவு செய்தது விற்பனை.

பெரியவருக்கு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன், கால்களைச் சோதித்தேன், உணர்ச்சி நன்றாகவே இருந்தது. மூன்று மாதம் கழித்து வந்தபோது அளவு 8.1. கையில் இன்னொரு தாள், இந்த முறை மூட்டுவலித் தைலம். மூலையில் 'விளம்பரம்' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். "இதுலயும் ஒரு வாத்தியார் வர்றாரு டாக்டர். இவருக்கும் ஊர் பேர் போடலை" என்றார்.