துவக்கின் மணி விழுந்தால் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்

பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்துக்கு (கதிர் வெளிவருமுன்) வந்ததும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வெல்லாவெளி, நாவிதன்வெளி, உன்னிச்சைப் பக்கமெல்லாம் பன்றி இறங்கத் தொடங்கிவிடும். மூலையில் கிடந்த அனுமதித் துவக்குகளும் (அனுமதிப்பத்திரமுள்ள துப்பாக்கிகள்) அப்போதுதான் வெளியே வரும். குழல் நுனியில் குறிபார்க்க இருந்த பித்தளை மணி காணாமல் போயிருப்பதைப் பலர் கவனிப்பதும் அப்போதுதான். மோட்டார் சைக்கிளில் உரசி விழுந்திருக்கும். இல்லாவிட்டால் வாவிக்கரை உப்புக்காற்று மணி பூட்டும் திருகுப் புரியைத் தின்றிருக்கும். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிபடுவது இரும்புதான்.

"ஒரு பொட்டு வெல்டிங் வைச்சு விடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கி, பிறகு துவக்குத் திருத்தும் என்னிடம் வரும் துவக்குகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரட்டைக் குழல் துவக்கில் இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டி பெரும்பாலும் ஈயப்பற்றில்தான் நிற்கிறது. சாதாரண வெள்ளீய-ஈயப் பற்று 183 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். பித்தளை ஒட்டும் காஸ் சுவாலையோ அதைப் பல மடங்கு தாண்டும். மணி ஒட்டிக்கொள்ளும், பட்டி கழன்றுவிடும். நுனியில் குழல் சுவரின் தடிப்பும் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அங்கே சூடு ஏறினால் உருக்கின் உறுதியும் போய்விடும்.

சரியான வேலை இதைவிடச் சின்னது. முதலில் துவக்கைத் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். மணியின் தண்டு உள்ளே முறிந்து நின்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். வீட்டில் துளைபோட வேண்டாம், துளை குழலின் உட்பக்கம் வந்துவிடும். பிறகு புரியை அளக்க வேண்டும். அமெரிக்கத் துவக்குகளில் அனேகமாக 3-56 அல்லது 6-48 (முதல் எண் ஆணியின் பருமன் இலக்கம், மற்றது ஓர் அங்குலத்துக்குள்ள புரிகள்); ஐரோப்பியத் துவக்குகள் பலவற்றில் மெட்ரிக் புரி. 6-48 துளையில் 3 மில்லிமீற்றர் ஆணியுள்ள மணியைப் போட்டால் ஆடும். சுப்பர் குளூ ஊற்றி அதை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது சில வெடிக்குத்தான். பொருந்துகிற மணி கிடைத்தால், புரியில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, மென்பிடி லொக்டைட் (புரி இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டுக் கையிறுக்கமாகப் பூட்டினால் போதும். குறட்டால் முறுக்கினால் பித்தளை முறிந்துவிடும்.

பட்டி இல்லாத ஒற்றைக் குழலில் இன்னொரு ஆபத்து உண்டு. மணியின் ஆணி நீளமாக இருந்தால் அதன் முனை குழலுக்குள் எட்டிப்பார்க்கும். வெடிக்கும்போது தோட்டாவின் சன்னமும் (சிறு குண்டுகள்) அடைப்பானும் அதில் மோதும், குழல் கெடும். பூட்டிய பின் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். கம்பியில் இறுக்கமான துணி சுற்றி ஓட்டுங்கள். துணி ஓரிடத்தில் பிடித்தால் ஆணியைக் கழற்றி அராவிக் குறைக்க வேண்டும்.

இதெல்லாம் உரிமம் பெற்ற திருத்துநர் செய்யவேண்டிய வேலை. வரும்போது அனுமதிப்பத்திரத்தையும் எடுத்து வாருங்கள். துவக்கு மட்டும் வந்தால் நான் தொடமாட்டேன்.