மலையிலிருந்து கடலுக்கு இரும்பு ஓடிய குழாய்

பெங்களூருவில் குழாயைத் திறந்தால் வருகிற காவிரித் தண்ணீர் சும்மா வந்துவிடுவதில்லை. நீரேற்று நிலையம் இருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், சுமார் அரை கிலோமீட்டர் உயரம், மூன்று கட்டங்களாகப் பம்பு போட்டு மேலே ஏற்றுகிறார்கள். குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கு மின்கட்டணம்தான். இதே கர்நாடகத்தில் இன்னொரு குழாய் கால் நூற்றாண்டு காலம் இதற்கு நேரெதிராக வேலை செய்தது. குதிரேமுக் மலையிலிருந்து மங்களூரு கடற்கரைக்கு 67 கிலோமீட்டர் தூரம் இரும்பைக் கீழே இறக்கியது. தள்ளிவிடும் வேலையைப் பெரும்பாலும் புவியீர்ப்பே பார்த்துக்கொண்டது.

கோரமங்களா இரண்டாவது பிளாக்கில் இருக்கும் கே.ஐ.ஓ.சி.எல். (குதிரேமுக் இரும்புத் தாது கம்பெனி) தலைமை அலுவலகத்தைத் தாண்டி தினமும் ஆயிரம் பேர் போகிறார்கள். அந்த எழுத்துகளில் முதலாவதில் ஒரு மலை ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. பெங்களூரு தமிழர்களுக்குச் சுரங்க ஊர் என்றால் கோலார் தங்கவயல்தான். அது தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய சுரங்கம். குதிரேமுக்கில் யாரும் பூமிக்குள் இறங்கவில்லை. மலையின் தலையையே படிப்படியாகச் சீவி எடுத்தார்கள். வெடி வைத்து உடைத்த பாறையை, ஒரே நடையில் நூறு டன்னுக்கு மேல் சுமக்கும் டம்பர்களில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஈஜிபுரா தெருவில் குதிரேமுக் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். சேலத்துக்காரர். தெருவே அவரைச் சார் என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டு டி.வி. ஸ்டாண்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் உண்டு. கறுப்பும் வெளிர்சாம்பலுமாக, விரல் தடிமனுக்கும் குறைவான பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். "தூக்கிப் பாருங்க தம்பி, ஆனா பார்த்துத் தூக்குங்க" என்றார். அளவுக்குப் பொருந்தாத கனம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி படம் போட்ட காந்தத்தை எடுத்து வந்து கல்லின்மேல் வைத்தார். கறுப்புப் பட்டையில் 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. வெளிர்ப் பட்டையில் வைத்தால் வழுக்கிக் கீழே விழுந்தது.

கறுப்பு என்பது மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது, சுத்தமாக இருந்தால் எடையில் 72 சதவீதம் இரும்பு. வெளிர்ப் பட்டை குவார்ட்ஸ், அதாவது மணலின் மூலப்பொருள். இந்தப் பட்டைகள் படிந்தது 250 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். அப்போது காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். அதனால் கடல்நீரில் இரும்பு உப்பைப்போலக் கரைந்தே கிடந்தது. ஒளிச்சேர்க்கை செய்யக் கற்றுக்கொண்ட நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை விட ஆரம்பித்ததும் அந்த இரும்பு துருவாகிக் கடலடியில் படிந்தது. இடையிடையே, பின்னால் குவார்ட்ஸ் பட்டையான சிலிக்கா படிந்தது. ஏன் இப்படி மாறி மாறிப் படிந்தது என்பதில் புவியியலாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சேலத்துக் கஞ்சமலையிலும் இதே இனப் பாறைதான். 19-ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடந்தது சேலத்துத் தாதுவை நம்பித்தான். சாருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மைசூர் சமஸ்தானத்தின் புவியியல் துறையைச் சேர்ந்த சம்பத் ஐயங்கார் 1913-இலேயே குதிரேமுக் இரும்பைக் கண்டு சொல்லிவிட்டார். ஆனாலும் அறுபது ஆண்டுக்கு மேல் யாரும் பெரிதாகத் தொடவில்லை. காரணம் எளிது. பாறையில் இரும்பு 38 சதவீதம் அளவுக்குத்தான். பல்லாரியிலும் சத்தீஸ்கரின் பைலாடிலாவிலும் அறுபது சதவீதத்தைத் தாண்டிய ஹெமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்போது, காட்டு மலையில் ஏறி இந்தக் கல்லை எவன் தோண்டுவான்? தோண்டினால் அப்படியே உலையில் போட முடியாது. மாவாக அரைத்து, இரும்பைத் தனியாகப் பிரித்தால்தான் விலைபோகும். அரைப்பதற்கும் பிரிப்பதற்கும் கணக்கில்லாத தண்ணீர் வேண்டும்.

அங்கே குறையே இல்லாதது அந்தத் தண்ணீர்தான். குதிரேமுக்கில் ஆண்டுக்கு ஏழாயிரம் மில்லிமீட்டர் வாக்கில் மழை. பெங்களூருவில் ஆயிரத்தைத் தொட்டாலே சாலைகள் மிதக்கின்றன. "ஜூன்ல காயப்போட்ட துணியைச் செப்டம்பர்லதான் எடுப்போம்" என்று சார் சொல்வது கொஞ்சம் மிகை என்றாலும், வீட்டுக்குள் பல்பை எரியவிட்டு அதன் சூட்டில் துணி காயவைத்தது நிஜம் என்று அவர் மனைவியும் சாட்சி சொல்கிறார்.

அந்த மழை இன்னொரு வேலையும் செய்திருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேலிருந்து ஊறிய நீரும் அதில் கரைந்த ஆக்சிஜனும் மலையின் மேல்பகுதிப் பாறையை இளக்கிவிட்டன. இளகிய பாறையை அரைப்பது சுலபம். ஆனால் அதிலுள்ள மேக்னடைட்டில் ஒரு பகுதி ஹெமடைட்டாக மாறிவிட்டது. ஹெமடைட்டைச் சாதாரணக் காந்தம் சீந்தாது. எனவே ஆலையில் இரண்டு வழிகளில் பிரிக்க வேண்டியிருந்தது. அரைத்த பாறைக்குழம்பைக் காந்தம் பொருத்திய உருளைகளின்மேல் விட்டால் மேக்னடைட் உருளையோடு ஒட்டிச் சுற்றி மேலே வரும், மணல் தண்ணீரோடு கீழே போகும். காந்தத்துக்கு அகப்படாததைத் திருகுச்சுருளாக இறங்கும் வாய்க்காலில் விடுவார்கள். ஒரே அளவுத் துகளில் இரும்புத் தாது மணலைப்போல் இரு மடங்கு கனம். கனமானது சுருளின் உட்புறம் ஒதுங்கும், லேசானது வெளிப்புறம் தள்ளப்படும். கடைசியில் கையில் நிற்பது 67 சதவீத இரும்புள்ள கருந்தூள். அங்கே இருந்தவர்கள் வாயில் அதற்குக் கான்சன்ட்ரேட் என்று பெயர்.

சரி, ஆண்டுக்கு 75 லட்சம் டன் தூள் எடுக்கத் திட்டம். அதை மலையிலிருந்து இறக்குவது எப்படி? மலைச்சாலையில் லாரி விட்டால் நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் போக வேண்டியிருக்கும். ரயில் கிடையாது. ஏற்கெனவே தூள் தண்ணீரில்தானே இருக்கிறது, அப்படியே குழாயில் விட்டால் என்ன என்பதுதான் யோசனை.

கேட்க எளிது. செய்வதில்தான் சூட்சுமம். ஓட்டலில் சாம்பார் வாளியைக் கலக்காமல் ஊற்றினால் மேலே தண்ணீர்தான் வரும், பருப்பு அடியில் தங்கிவிடும். குழாயிலும் அதே பிரச்சினை, ஆனால் 67 கிலோமீட்டர் நெடுகக் கரண்டி விட்டுக் கலக்க முடியாதே. கலக்கும் வேலையை ஓட்டத்தின் சுழிப்பே செய்ய வேண்டும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் துகள்கள் அடியில் படிந்து, படிந்தது மேடாகி, குழாயே அடைத்துக்கொள்ளும். வேகம் மிகுந்துபோனால் கெட்டித் தாதுத்தூள் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் குழாயின் அடியைத் தின்றுவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தகைய குழாய்களில் வழக்கமான வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர். ஒன்றரை என்று வைத்தால் மலையில் புறப்பட்ட தூள் கடற்கரை சேரப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகமாக நடக்கிற மனிதனும் ஏறக்குறைய அதே நேரத்தில் போய்ச் சேர்வான், வழியில் டீ குடிக்காவிட்டால்.

எவ்வளவு நைசாக அரைக்கிறோம் என்பதும் முக்கியம். சின்னஞ்சிறு துகள்களில், விட்டம் பாதியானால் படியும் வேகம் கால்வாசியாகிவிடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அரைத்தால் ஓட்டம் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இரும்பையும் மணலையும் பிரிக்கவே அந்த அளவு நைஸ் தேவை என்பதால், ஒரே அரைப்பில் இரண்டு காரியமும் நடந்தது.

அப்புறம் அழுத்தம். தண்ணீர்க்குழாய் 10 மீட்டர் கீழே இறங்கினால் அழுத்தம் ஒரு வளிமண்டலம், அதாவது நம்மேல் காற்று அழுத்துகிற அளவு, கூடும். இரும்புக்குழம்பு தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், ஆகவே இரண்டு வளிமண்டலம். மலையிலிருந்து கடல்மட்டம்வரை இறங்கினால் அது நூறைத் தாண்டுகிற சமாசாரம். ஓடிக்கொண்டிருக்கும்வரை உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கீழ்வால்வை மூடி நிறுத்தினால் மொத்த பாரமும் அடிவாரக் குழாயின்மேல் உட்காரும். குழாய் போகும் சரிவும் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஓட்டம் நின்ற நேரத்தில் தூள் சறுக்கிப் பள்ளத்தில் மூட்டையாகக் குவிந்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. மலைத்தொடரின் ஏற்ற இறக்கத்தில் சரிவைக் கணக்கிட்டுக் குழாய் பதித்த பொறியாளர்களை நினைத்தால் எனக்கு ஆலையைவிட அந்தக் குழாய்தான் பெரிய சாதனையாகத் தெரிகிறது. துருவைத் தடுக்கச் சுண்ணாம்பு கலந்து குழம்பை அமிலமாகாமல் காரத்தன்மையோடு வைப்பதும் இந்தத் தொழிலில் உள்ள வழக்கம்.

இவ்வளவுக்கும் பணம் கொடுக்க முன்வந்தவர் ஈரானின் மன்னர் ஷா. 1975-இல் 63 கோடி டாலர் கடன் தருவதாகவும், தாதுவைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகவும் ஒப்பந்தம். 1976 ஏப்ரலில் கே.ஐ.ஓ.சி.எல். நிறுவனம் தொடங்கியது. 1979-இல் ஷா நாட்டைவிட்டே போனார், பணமும் நின்றது, வாங்குபவரும் இல்லை. மீதியை இந்திய அரசு போட்டு முடித்தது. தூளை மட்டும் வைத்து என்ன செய்வது? இரும்பு உருக்கும் ஊதுலையில் அப்படியே கொட்டினால் காற்றுப்போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். எனவே மங்களூருவில் பெல்லட் ஆலை வந்தது. தூளில் கொஞ்சம் களிமண் சேர்த்துக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, 1,300 டிகிரி வாக்கில் சுடுவது. சுடும்போது மேக்னடைட் ஹெமடைட்டாக மாறும். அந்த மாற்றமே வெப்பத்தை வெளிவிடுவதால் எரிபொருள் மிச்சம்.

மலைமேல் ஓர் ஊரே உருவாகியிருந்தது. கம்பெனி குவார்ட்டர்ஸ், கம்பெனி பள்ளி, கம்பெனி ஆஸ்பத்திரி. "கதவைத் தட்டினா எந்த பாஷைல பதில் வரும்னு சொல்ல முடியாது" என்கிறார் சார். ஆயுத பூஜை அன்று வீடு உயர டம்பர்களுக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்களாம். தமிழ்ப் பேப்பர் ஒருநாள் தாமதமாகத்தான் வரும். அட்டைப்பூச்சி மட்டும் கதவு தட்டாமலே வரும்.

சிக்கல் தொடங்கியது மிச்சத்தில். 38 சதவீதப் பாறையை 67 சதவீதத் தூளாக்கினால், ஒரு துளி இரும்பைக்கூட விடாமல் பிடித்தாலும் பாறையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கழிவாகிவிடும். நடைமுறையில் பாதிக்கும் மேல். அந்த மணற்சேற்றைத் தேக்க, லக்யா ஓடையின் குறுக்கே 100 மீட்டர் உயரத்தில் மண் அணை கட்டினார்கள். அது பிடித்தது ஆலைக் கழிவை. சீவிய மலைச்சரிவில் விழுந்த மழையை எந்த அணை பிடிக்கும்? மரமும் புல்லும் இல்லாத சரிவிலிருந்து செம்மண் கரைந்து பத்ரா ஆற்றில் இறங்கியது. தாதுவை இலவசமாகக் கடலுக்கு இறக்கிய அதே மழையும் அதே சரிவும், மண்ணையும் கேட்காமல் இறக்கின. கீழே பத்ரா அணையை நம்பி விவசாயம் செய்கிறவர்கள் இருந்தார்கள். சுற்றிலும் சோலைமந்தி வாழும் காடு. 1987-இல் அதைச் சுற்றி 600 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சுரங்கக் குத்தகை 1999-இல் முடிந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2002 அக்டோபர் 30 தீர்ப்பின்படி 2005 டிசம்பர் 31-உடன் சுரங்க வேலை நின்றது.

கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டபோது ஊர் பிழைத்துக்கொண்டது. ரயில் இருந்தது, விடியற்காலையில் ஏறிப் பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்பலாம். குதிரேமுக்கில் அந்த வசதி இல்லை. பெங்களூருவுக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வீடு கம்பெனியுடையது, சுற்றிலும் காடு, சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூடப் போட்டு உட்கார முடியாது. ஆள்கள் மங்களூருவுக்கும் பெங்களூருவுக்கும் சொந்த ஊருக்கும் கலைந்தார்கள். குவார்ட்டர்ஸ் வரிசைகளில் பெரும்பாலானவை காலியாயின. தீர்ப்பு சரிதானா என்று சாரிடம் கேட்டேன். "காட்டுக்குச் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் தீர்ப்பு சரியென்றே படுகிறது, ஆனால் அது சொல்ல எனக்கு எளிது.

மங்களூரு பெல்லட் ஆலை அதற்குப் பிறகும் வெளித் தாதுவை நம்பி ஓடியது. சத்தீஸ்கரின் பைலாடிலாவிலிருந்து தாது வந்தது. அது ஹெமடைட், சுடும்போது தானாக வெப்பம் தராது, அந்த எரிபொருளையும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும்.

லக்யா அணையை மட்டும் மூடிவிட்டுப் போக முடியாது. நைசான கழிவு மணலில் நீர் நிறைந்து நின்றால், ஓர் அதிர்விலோ மழைப் பெருக்கிலோ துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறி, திடமாகத் தெரிந்த மண் திரவம்போல் ஓடத் தொடங்கலாம். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் மூன்று ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத இரும்புக் கழிவு அணை இப்படித்தான் சரிந்து 270 பேரைக் கொன்றது. அங்கே கழிவின் மேலேயே கரையை ஏற்றிக் கட்டியிருந்தார்கள், அது பலவீனமான முறை. எந்த முறையில் கட்டிய கழிவணையானாலும் உபரிநீர் போகும் வழி அடைபடக் கூடாது, கரைக்குள் கசியும் நீரின் மட்டத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். சுரங்கம் நின்றுவிட்டாலும் மலையில் ஆண்டுக்கு ஏழாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்வது நிற்காது.