இட்லி இறங்கிவிட்டது, இனி எதற்கு ஆபரேஷன்?

மேலூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்கிக்கொண்டிருந்தார். ஐந்து வாரம் கீமோவும் ரேடியேஷனும் முடிந்து ஒரு மாதத்தில், கறிக்குழம்பில் ஊறிய இரண்டு இட்லியைத் தடையில்லாமல் சாப்பிட்டுவிட்டு, "அதான் எறங்குதுல்ல, இனி எதுக்குடா ஆபரேசன்?" என்றார்.

அசட்டுக் கேள்வி இல்லை. உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி தைத்து மேலே இழுத்து இணைக்கிற ஆபரேஷன் அது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. 2012இல் வெளியான நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வில், கீமோ-ரேடியேஷன் முடித்து ஆபரேஷன் செய்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு, வெட்டியெடுத்த பகுதியில் புற்றுச் செல்லே மிச்சமில்லை. நம் நாட்டில் அதிகம் பார்க்கிற ஸ்குவாமஸ் வகையில் (குழாயின் உள்பூச்சில் இருக்கிற தட்டைச் செல்களில் தொடங்குவது) 49 சதவீதம். அப்படியானால் இத்தனை பேரை எதற்கு வெட்டினோம்?

ஆனால் வெட்டாமல் எப்படித் தெரிந்துகொள்வது? வைகை மணல் மேலே காய்ந்து கிடக்கும், ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் சுரக்கும். புற்றும் அப்படித்தான், மேல்பூச்சு ஆறிய பிறகும் சுவரின் அடியில் ஒளிந்திருக்கும், சாப்பாடும் ஜோராக இறங்கும். அதனால் எண்டோஸ்கோப்பியில் ஒருமுறை சதை கிள்ளிய குழிக்குள்ளேயே மறுபடியும் கிள்ளி ஆழத்திலிருந்து எடுக்கிறார்கள். 2018இல் வந்த ப்ரீசானோ ஆய்வில், நெறிக்கட்டிகளில் ஊசி குத்திப் பார்த்தும், சாதாரண பயாப்சி, அதாவது மேலோட்டமாகச் சதை கிள்ளிச் சோதிப்பது, புற்று பெரிதாக மிச்சமிருந்தவர்களில் 31 சதவீதம் பேரைத் தவறவிட்டது. குழிக்குள் குழி தோண்டியபோது அது 10 சதவீதம். வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன்.

இதை வைத்துத்தான் சானோ ஆய்வு நடந்தது. 12 டச்சு மருத்துவமனைகள், 309 பேர். சிகிச்சை முடிந்து 6ஆம் வாரமும் 12ஆம் வாரமும் சோதித்து எதுவும் தென்படாதவர்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்குக் கண்காணிப்பு, திரும்ப வளர்ந்தால் மட்டும் கத்தி. இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் கண்காணிப்பில் 74 சதவீதம், ஆபரேஷனில் 71. கிட்டத்தட்டச் சமம்.

இதைப் படித்துவிட்டு ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கிட்டத்தட்ட அதே இடத்தில் புற்று திரும்ப வந்தது. அது நேரத்தில் பிடிபட்டதால்தான் அந்த 74. முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருஷம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று அவர்கள் தவறாமல் போனார்கள். தேவைப்பட்டால் ஆபரேஷனைத் தாங்குகிற உடம்பும் வேண்டும். அங்கே பெரும்பாலும் அடினோ வகைப் புற்று (சுரப்பிச் செல்களில் தொடங்குவது), இரண்டு ஆண்டும் நீண்ட காலம் இல்லை. பஸ் பிடித்து மதுரைக்கு வந்து, பெட் ஸ்கேனுக்குக் காசு புரட்டி, நன்றாகச் சாப்பிடுகிற மனிதரை வருஷக்கணக்கில் எண்டோஸ்கோப்பிக்குக் கூட்டிப்போவது எப்படிப்பட்ட வேலை என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

பெரியப்பாவுக்கு அடுத்த தேதி சித்திரைத் திருவிழா வாரத்தில் விழுந்தது. "அழகர் ஆத்துல எறங்கட்டும், பாப்போம்" என்றார். சரி என்று, அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாளுக்குத் தேதியை மாற்றி வாங்கி வந்தேன்.